வளவில் மூன்று பிள்ளைகள், ஒரு மாத விடுமுறை

கேள்வி: எங்களுக்குத் தேவகோட்டை. இந்தப் பெரிய வீட்டில் நானும் இவுகளும் மட்டும்தான் இருக்கிறோம். மே மாதம் முழுக்க மகள் வீட்டுப் பிள்ளைகள் சென்னையிலிருந்து வந்து தங்குவார்கள். பேத்திக்கு வயது 11, பேரனுக்கு 8. இந்த வருஷம் மகன் வீட்டுச் சின்னவனையும் விட்டுவிட்டுப் போகிறார்கள், அவனுக்கு 4 வயது. போன வருஷம் வந்த மூன்றாம் நாளே "ஆயா, போரடிக்குது" என்று ஆளுக்கொரு மூலையில் செல்போனோடு உட்கார்ந்துவிட்டார்கள். பிடுங்கினால் அழுகை, வெளியே அனுப்பலாம் என்றால் வெயில். எனக்கு 67 வயது, முழங்கால் வலி வேறு. பின்னாலேயே ஓட முடியாது. இவர்களை எப்படிப் பொழுதுபோக வைப்பது?
– ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, பொழுதுபோக வைக்க வேண்டும் என்கிற பாரத்தை முதலில் இறக்கி வையுங்கள். காலை எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கும்வரை மூன்று பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டே இருக்க, முழங்கால் வலி இல்லாத இளவயதுத் தாயாலும் முடியாது. அது பிள்ளைகளுக்கு நல்லதும் இல்லை. யாராவது வேடிக்கை காட்டியே பழகிய பிள்ளை, அது நின்றதும் போனைத்தான் தேடும். உங்கள் வீட்டில் ஏற்கெனவே நடக்கிற வேலைக்குள் அவர்களை இழுத்துக்கொள்ளுங்கள். சும்மா பேருக்குக் கொடுக்கும் வேலையாக இருக்கக் கூடாது. அவர்கள் செய்யாவிட்டால் நிஜமாகவே நின்றுபோகிற வேலையாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும்.

கூழ் வடகத்தை எடுத்துக்கொள்வோம். இந்த வருஷம் பிள்ளைகள் வரும்வரை அதைத் தள்ளிப் போடுங்கள். எத்தனை உழக்கு அரிசி, எவ்வளவு தண்ணீர், எத்தனை மிளகாய், எவ்வளவு உப்பு என்பதைப் பேத்தி அளந்து ஒரு நோட்டில் எழுதட்டும். உங்கள் கையளவை இதுவரை யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். மிளகாய் அரைப்பதும் அடுப்படியும் உங்கள் பொறுப்பிலேயே இருக்கட்டும். காலையில் வெயில் ஏறுவதற்குள் இரண்டாங்கட்டு முற்றத்தில் பழைய வேட்டியை விரித்து நாலு மூலையிலும் கல் வைப்பது பேரன் வேலை. கரண்டியால் கூழை விடும்போது முதல் வரிசை கோணல்மாணலாகத்தான் வரும். ஒன்று பெரிதாகப் பரவும், ஒன்று கட்டியாக நிற்கும். நீங்கள் குனிந்து திருத்தப் போக வேண்டாம். கூழ் ரொம்பச் சூடாக இருந்தால் ஓடுகிறது, ஆறிப்போனால் இறுகுகிறது என்பதை நாலைந்து வரிசைக்குள் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்படிக் கண்டுபிடிக்கிற முகத்தைப் பாருங்கள், அப்புறம் நீங்களே என்னைவிட அதிகம் சொல்வீர்கள்.

அப்புறம் காக்கா காவல். முற்றத்துக் கல் பத்து மணிக்கு மேல் கால் வைக்க முடியாமல் சுடும், அதனால் முற்றத்தை ஒட்டிய கூடமான பட்டாலை நிழலில் உட்கார்ந்தே விரட்டட்டும். கையில் ஒரு நீளக் குச்சி போதும். சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றாக உரித்தெடுப்பதுதான் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த கட்டம். பாதி காய்ந்த வடகத்தில் கொஞ்சம் வாய்க்குள் போகும், போகட்டும். ஊருக்குத் திரும்பும்போது அவரவர் போட்ட வடகத்தை அவரவர் பேர் எழுதிய டப்பாவில் கொடுத்து அனுப்புங்கள்.

இன்னொரு வேலை, உங்கள் வீட்டைப் போன்ற வீடுகளில் மட்டுமே கிடைக்கக்கூடியது. உள்ளறையில் அடுக்கியிருக்கும் பித்தளைச் சாமானில் ஒரு நாளைக்கு நாலைந்தை மட்டும் வெளியே எடுங்கள். புளியும் உப்பும் வைத்துப் பிள்ளைகள் தேய்க்கட்டும். கறுத்த குடம் கண் முன்னால் பளபளக்கும்போது, புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் மேலே படிந்த ஆக்சைடைக் கரைக்கிறது என்று பேத்தியிடம் சொல்லலாம். அவள் வயதுக்கு அது புரியும். தேய்க்கத் தேய்க்க விளிம்பில் வெட்டியிருக்கும் விலாசம், அதாவது சொந்தக்காரரின் பெயரெழுத்துகள், தெளிந்து வரும். "இது யார் பேரு, ஆயா?" என்ற கேள்வியும் கூடவே வரும். இது உங்களுக்கு ஆத்தா வீட்டில் கொடுத்தது, இது உங்கள் மாமியாருக்குச் சீராக வந்தது, இது இவுகளுடைய அப்பத்தா வைத்திருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பேரன் ஒரு பெரிய தாளில் விலாசங்களை எழுதிக் கோடு போட்டு இணைக்கட்டும். ஒரு வாரத்தில் நாலு தலைமுறைக்கான குடும்ப மரம் அவன் கையெழுத்தில் தயாராகிவிடும். இந்த இடத்தில் ஐயாவை, உங்கள் வீட்டுக்காரரை, உள்ளே கொண்டுவாருங்கள். குடும்பத்தில் யார் யார் எந்த ஊருக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போனார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று உலகப் படத்தில் புள்ளி வைக்கலாம். சென்னைப் பள்ளியில் வரைபடம் பார்க்கிற பிள்ளைக்கு, அதில் ஒரு புள்ளி தன் கொள்ளுத்தாத்தா கடை வைத்திருந்த ஊர் என்று தெரிவது சின்ன விஷயம் இல்லை. ஆண்கள் பெரும்பாலும் ஒதுங்கி உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு, பிள்ளைகள் தன்னோடு ஒட்டவில்லை என்று வருத்தப்படுவார்கள். அவரிடம் கேட்க ஆள் இருந்தால் கட்டாயம் பேசுவார்.

வெயிலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அக்னி நட்சத்திரம் மே மாதத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். காலை 6 மணியிலிருந்து 9 வரை வெளியே, 11-லிருந்து 4 வரை கண்டிப்பாக உள்ளே, 5 மணிக்கு மேல் மறுபடி வெளியே என்று வைத்துக்கொள்ளுங்கள். மோர், பானகம், வெள்ளரிப்பிஞ்சு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். நுங்கு வாங்கினால் காய்களைத் தூக்கிப் போடாதீர்கள். தின்று முடித்த இரண்டு காய்களை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி. எட்டு வயதுப் பையனுக்கு ஒரு சாயங்காலம் முழுக்க அது போதும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஊருணி, கண்மாய், கிணறு பக்கம் பெரியவர் துணையில்லாமல் ஒரு நாளும் விடாதீர்கள். "நான் சென்னையில் நீச்சல் கிளாஸ் போறேன்" என்று பேரன் சொன்னாலும் கூடாது. நீச்சல்குளத்தின் தரை வேறு, படிப் பாசியும் அடிச் சேறும் வேறு. கிணற்றுக்கு மூடி இல்லையென்றால் பிள்ளைகள் வருவதற்கு முன்பே கம்பி வலை போட்டுவிடுங்கள்.

உள்ளே இருக்கும் அந்த மத்தியான நேரத்துக்குத்தான் பல்லாங்குழி. பலகை உங்கள் வீட்டில் எங்கேயோ தூசியில் கிடக்கும், தேடி எடுங்கள். 14 குழி, குழிக்கு 5 வீதம் 70 காய். எடுத்த காய்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கை காலியானதும் அடுத்த குழியை அள்ளி ஆட்டத்தைத் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்து, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது பசு, குழிக்குச் சொந்தக்காரருக்கு. எந்தக் குழியில் ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று பேத்தி ரெண்டே நாளில் மனதுக்குள் எண்ண ஆரம்பித்துவிடுவாள். காய்க்குச் சோழியோ புளியங்கொட்டையோ போதும். குன்றிமணி வேண்டவே வேண்டாம். அழகாக இருக்கிறது என்று பழைய டப்பாவில் பலர் போட்டு வைத்திருப்பார்கள். அது விஷக் கொட்டை, கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சின்னவன் வருவதற்குள் வீட்டிலிருந்தே அப்புறப்படுத்திவிடுங்கள். புளியங்கொட்டையையும் ஆட்டம் முடிந்ததும் எண்ணி எடுத்து வைத்துவிட வேண்டும், மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது அது. திண்ணையில் சாக்பீஸால் ஆடுபுலிக் கட்டம் வரைந்து கொடுத்தால், மூன்று புலியை வைத்துக்கொண்டு ஐயாவும் பதினைந்து ஆட்டை வைத்துக்கொண்டு பேரனும் மல்லுக்கட்டட்டும். ஐயா விட்டுக்கொடுத்து ஆட வேண்டாம், தோற்றால்தான் மறுநாளும் வருவான்.

சரி, செல்போன். பிடுங்குவது வேலைக்கு ஆகாது என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள். பிள்ளைகள் வந்த அன்று சாயங்காலமே, எல்லோரையும் உட்கார வைத்து நேரத்தைப் பேசி முடித்துவிடுங்கள். பேத்தி, பேரன் இரண்டு பேருக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம், பட்டாலையில் எல்லோர் கண் முன்னாலும். மூலையில் உட்காரக் கூடாது, படுக்கைக்குக் கொண்டுபோகக் கூடாது. மற்ற நேரத்தில் போன்கள் முகப்பில் ஒரு கொட்டானில் (ஓலைக்கூடையில்) கிடக்கட்டும், உங்கள் போனும் ஐயா போனும் அதே கொட்டானில். நீங்கள் டி.வி. சீரியல் பார்க்கும் நேரத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும், அதில் சலுகை கேட்காதீர்கள். சின்னவன் விஷயம் தனி. மூன்று, நாலு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை பார்க்கக் கூடாது, குறையக் குறைய நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. அதே வயதுக்கு நாள் முழுக்கச் சேர்த்து மூன்று மணி நேரமாவது ஓடியாடும் அசைவு வேண்டும் என்றும் சொல்கிறது. முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமுமான உங்கள் வளவில் அவன் ஓடினாலே அது நிறைந்துவிடும். சோறு ஊட்டப் போனைக் காட்டும் பழக்கம் மட்டும் உங்கள் வீட்டில் தொடங்க வேண்டாம். ஒரு வாய் குறைவாகச் சாப்பிட்டால் பரவாயில்லை, அப்பத்தா கதை சொன்னால் அடுத்த வேளை தானாக வருவான்.

இத்தனைக்குப் பிறகும் "போரடிக்குது" என்பார்கள். அப்போது உடனே ஏதாவது கொடுத்துவிடாதீர்கள். "அப்படியா, சரி" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் சிணுங்கல் இருக்கும், தூணைச் சுற்றுவார்கள், ஒருவரையொருவர் அடித்துக்கொள்வார்கள். அதைத் தாங்கிவிட்டால் அப்புறம் அவர்களாகவே ஏதோ ஒரு விளையாட்டை உண்டாக்குவார்கள். அதன் விதிகள் உங்களுக்குப் புரியாது, புரிய வேண்டிய அவசியமும் இல்லை. கோடை வகுப்பில் சேர்த்துவிடலாமா என்று மகள் கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பத்து மாதம் மணியடித்து மணியடித்து ஓடிய பிள்ளைகள் அவை.

வெளியூர் என்றால் மாதத்துக்கு இரண்டு இடம் போதும். ஒன்று ஆத்தங்குடி. உங்கள் வீட்டுத் தரைக்கல் எப்படி வந்தது என்று பார்க்கட்டும். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கியதும் பூ நிற்பதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு, காயவைத்து, தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை, அந்த வழவழப்புக் கண்ணாடியிலிருந்து வருவது. இன்னொன்று, 2023-ல் திறந்த கீழடி அருங்காட்சியகம். தாயமும் நொண்டியும் ஆடிய பிறகு கூட்டிப் போங்கள், முன்னால் வேண்டாம். இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பகடையும் வட்டச் சில்லும் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்திருப்பதை அப்போதுதான் நின்று பார்ப்பார்கள்.

மகளிடமும் மகனிடமும் இதையெல்லாம் இப்போதே போனில் பேசிவிடுங்கள். கறைபட்டால் கவலையில்லாத பருத்தித் துணி கொடுத்துவிடச் சொல்லுங்கள். தினம் ராத்திரி ஒரு முறை பேசினால் போதும், மத்தியானம் வீடியோ காலில் வந்து "என்ன பண்றீங்க" என்று கேட்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக உங்கள் முழங்கால். வடகத்துக்கும் பித்தளைக்கும் நீங்கள் தரையில் உட்கார வேண்டியதில்லை. பட்டாலையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு வாயால் வேலை வாங்குங்கள். பிள்ளைகள் போன் பார்க்கும் அந்த ஒரு மணி நேரத்தில், ஐயாவைக் காவலுக்கு வைத்துவிட்டு, காலை நீட்டிப் படுத்துவிடுங்கள். சின்னவனையும் பக்கத்தில் போட்டுக்கொண்டால் அவனும் தூங்கிவிடுவான்.