ஓனர் சொல்லும் டாக்டரிடம்தான் போக வேண்டுமா?

கேள்வி: கோவையில் பவர் பிரஸ் பட்டறையில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு (வயது 30, மாதச் சம்பளம் 15,000 ரூபாய்) இயந்திரத்தின் டையை (அச்சை) மாற்றும்போது வலது ஆள்காட்டி விரல் நசுங்கிவிட்டது. இ.எஸ்.ஐ. இல்லை. "நான் சொல்ற ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும், வேற எங்க போனாலும் பைசா தரமாட்டேன்" என்கிறார் ஓனர். அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டா?

பதில்: இல்லை. ஆனால் பரிசோதனை வேறு, சிகிச்சை வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் தம்பிக்குத்தான் நஷ்டம்.

விபத்து பற்றி எழுத்தில் நோட்டீஸ் கொடுத்த 3 நாளுக்குள், ஓனர் தன் செலவில் ஒரு டாக்டரிடம் பரிசோதனைக்கு வரச்சொன்னால் தம்பி போயே ஆக வேண்டும். மறுத்தாலும், பரிசோதனைக்கு முன்பே சொந்த ஊருக்குக் கிளம்பிவிட்டாலும் இழப்பீட்டு உரிமை அதுவரை நிறுத்திவைக்கப்படும். சிகிச்சை அப்படியல்ல. ஓனர் காட்டும் டாக்டர் வேண்டாமென்றால் வேறு தகுதியுள்ள டாக்டரிடம் பார்க்கலாம். ஆனால் விடாமல் பார்க்க வேண்டும். இடையில் நிறுத்திவிட்டு நாட்டுக் கட்டுக்குப் போய் விரல் இறுகிப்போனால், "ஒழுங்காகப் பார்த்திருந்தால் எவ்வளவு பாதிப்பு இருந்திருக்குமோ, அவ்வளவுக்குத்தான் பணம்" என்று சட்டமே ஓனர் பக்கம் பேசும். 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இந்த விதிகள், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கின்றன. சிகிச்சைக்கு ஆன உண்மையான செலவையும் முதலாளி திருப்பித் தர வேண்டும். பில்கள் தம்பி பெயரில் இருக்கட்டும். மருந்து பில்லோடு டாக்டர் எழுதிய சீட்டின் நகலையும் சேர்த்து வையுங்கள்.

கைராசியைப் போலவே டாக்டர் எழுதும் எழுத்தையும் பாருங்கள். இழப்பீடு கணக்கிடப்படுவது அதை வைத்துத்தான். ஆள்காட்டி விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் இழப்பு 14 சதவீதம், நுனிக் கணு மட்டும் போனால் 9, எலும்பு இழப்பில்லாமல் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 5 என்று சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. தம்பியின் சம்பளத்தில் 60 சதவீதம் 9,000. அதை 30 வயதுக்குச் சட்டம் வைத்திருக்கும் காரணியான 207.98-ஆல் பெருக்கி, அதில் இந்தச் சதவீதத்தை எடுக்க வேண்டும். 5 என்றால் 93,591 ரூபாய். 9 என்றால் சுமார் 1,68,000. டிஸ்சார்ஜ் சம்மரியில் "விரல் காயம், தையல் போடப்பட்டது" என்று மட்டும் இருந்தால் எலும்பு போனதற்கு என்ன ஆதாரம்? எந்த விரல், எந்தக் கணு, எவ்வளவு எலும்பு போயிற்று என்று எழுதித் தரும் எலும்பு அல்லது கை அறுவை நிபுணராகப் பாருங்கள். விரல் இருந்தும் நிரந்தரமாக முழுதும் பயனற்றுப் போனால், அதை இழந்ததற்குச் சமமாகவே அட்டவணை எடுத்துக்கொள்ளும். ஓரளவு மட்டும் மடக்க முடியாமல் போனால் அது அட்டவணையில் வராது. சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் குறைந்தது என்று டாக்டர் மதிப்பிட வேண்டும். சிகிச்சை முடிந்து காயம் ஒரு நிலைக்கு வந்தபின் அந்தச் சான்றிதழை வாங்குங்கள். கூப்பிட்டால் சாட்சி சொல்ல வருவாரா என்று முன்கூட்டியே கேட்பதில் தப்பில்லை, பலர் வருவதில்லை.

முதல் நாள் பதிவை உடனே பாருங்கள். அரசு மருத்துவமனை என்றால் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர்.-இல், எங்கே எப்படி அடிபட்டது என்று எழுதியிருப்பார்கள். கூட வந்த சூப்பர்வைசர் "வீட்டில் கதவில் நசுங்கியது" என்று சொல்லியிருந்தால் அதுவே பதிவாகியிருக்கும். ஓனருக்கு வேண்டிய ஆஸ்பத்திரியில் எனக்குள்ள முதல் சந்தேகமும் இதுதான். நகல் வாங்கிப் பாருங்கள். தவறாக இருந்தால் நடந்ததை எழுதி, அந்த ஆஸ்பத்திரிக்கும் தொழிலாளர் துறைக்கும் உடனே பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

சம்பளச் சீட்டையும் ஒருமுறை பாருங்கள். 0.75 சதவீதம் பிடித்தம் இருந்தால் தம்பி இ.எஸ்.ஐ.-யில்தான் இருக்கிறார். அப்போது ஓனரிடம் இந்த இழப்பீட்டைக் கேட்க முடியாது. சிகிச்சையும் உதவித்தொகையும் இ.எஸ்.ஐ. வழியாகத்தான். பிடித்தம் இல்லையென்றால் விபத்து நடந்து 2 ஆண்டுக்குள் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும்.