பிரிட்டனில் பதின்வயதினரின் அட்டகாசம்: பொறுப்பு யாருடையது? (கேள்வி பதில்)

பதில்கள் இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தின்படி. ஸ்கொட்லாந்தில் மாறுபடும் இடங்களைத் தனியே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம், கடைக்காரர்): அண்ணா, பின்னேரம் நாலு மணியானா எங்கட கடை வாசல்ல பத்துப் பன்னிரண்டு பெடியள் வந்து நிக்கிறாங்கள். வாற சனத்தை நக்கலடிக்கிறது, கண்ணாடிக்கு முட்டை எறியிறது. பொலிசின்ர 101க்கு அடிச்சா ஒருத்தரும் வாறேல்ல. தாய் தேப்பனைப் பிடிச்சு உள்ள போடேலாதா?

பதில்: ஏலாது. பிள்ளை செய்த குற்றத்துக்காகப் பெற்றோர் குற்றவாளி ஆவதில்லை. 10 வயது முடிந்தால் பிள்ளையே பொறுப்பு. ஸ்கொட்லாந்தில் அது 2021 டிசம்பரிலிருந்து 12. ஆனால் பணப் பொறுப்பு பெற்றோரிடம் வரும். 16 வயதுக்குக் குறைந்தவருக்குக் குற்றவியல் நீதிமன்றம் அபராதமோ இழப்பீடோ விதித்தால் வழமையாகப் பெற்றோரே கட்ட வேண்டும். 16, 17 வயதென்றால் அதை நீதிமன்றம் முடிவு செய்யும். ஆகவே கண்ணாடி உடைந்தால் மாற்றிய பில்லைத் தீர்ப்புக்கு முன்பே பொலிசிடம் கொடுத்துவிடுங்கள். தொகைக்கு ஆதாரம் இல்லாவிட்டால் இழப்பீடு கைநழுவிப் போகும்.

கூட்டமாக நிற்பது குற்றமில்லை. மற்றவருக்குத் தொல்லையோ பீதியோ மனவேதனையோ உண்டாக்கும் நடத்தைதான் சட்டத்தின் கண்ணில் பிழை. 'பெடியள் நிக்கிறாங்கள்' என்று மட்டும் சொன்னால் அந்த அழைப்பு வரிசையின் கடைசிக்குப் போய்விடும். ஒரு கொப்பி வைத்து ஒவ்வொரு முறையும் எழுதுங்கள்: திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எத்தனை பேர், என்ன செய்தார்கள், என்ன சொன்னார்கள் (கெட்ட வார்த்தையானாலும் அப்படியே), யார் பயந்து திரும்பிப் போனார்கள், பொலிஸ் தந்த இலக்கம். கமரா பதிவை அன்றைக்கே தனியாகப் பிரதி எடுங்கள். பல கருவிகள் சில வாரங்களில் பழைய பதிவின் மேலேயே எழுதிவிடும். முகங்களை வாட்ஸப் குழுக்களில் போடாதீர்கள். ஆளை மாற்றிப் பிடித்தால் வினை உங்கள் தலையில்தான் விடியும்.

நாலு மணி என்றால் பாடசாலை விட்ட நேரம். சட்டைப் பையில் பாடசாலையின் சின்னம் இருக்கிறதா பாருங்கள். பாடசாலைக்கு வெளியே நடப்பதற்கும் மாணவரைக் கண்டிக்க 2006ஆம் ஆண்டுச் சட்டம் தலைமையாசிரியருக்கு அதிகாரம் தந்திருக்கிறது. சின்னம், நேரம், நாள் மூன்றையும் எழுதி மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரும்பாலும் பொலிசை விட இந்த வழி வேகமானது, பிள்ளையின் பெயரில் பதிவும் விழாது.

இதற்கும் அசையாவிட்டால் உள்ளூராட்சிக் கவுன்சிலிடம் 'ஏ.எஸ்.பி. கேஸ் ரிவியூ' (தொல்லை முறைப்பாடுகளை மறுபடி ஆராயும் முறை) கேளுங்கள். ஆறு மாதத்தில் மூன்று முறைப்பாடு செய்திருந்தாலே எந்தக் கவுன்சிலும் மறுக்க முடியாது. ஒவ்வொரு முறைப்பாடும் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் செய்ததாக இருக்க வேண்டும். கவுன்சில், பொலிஸ், சுகாதாரத் துறை, சமூக வீட்டு நிறுவனம் எல்லோரும் சேர்ந்து, தாங்கள் என்ன செய்தோம், என்ன செய்யத் தவறினோம் என்று உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். கலைந்து போகச் சொல்லும் 48 மணி நேர உத்தரவும் பொலிசிடம் உண்டு, ஆனால் அது பெடியளைப் பக்கத்துத் தெருவுக்கு அனுப்புவதோடு முடிந்துவிடுகிறது.

கேள்வி (லெஸ்டர்): சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். பெற்றோர் கண்டிக்காததுதானே எல்லாவற்றுக்கும் காரணம்?

பதில்: முக்கியமான காரணங்களில் ஒன்று, ஆனால் தனிக் காரணம் இல்லை. 1961இல் தெற்கு லண்டனில் 8, 9 வயதுச் சிறுவர்கள் 411 பேரைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பின்தொடரத் தொடங்கினார்கள். பல பத்தாண்டுகள் விடவில்லை. சிறு வயதிலேயே கண்ட எச்சரிக்கைகள் பல: பிள்ளை எங்கே போகிறான் என்று தெரியாத வீடு, கடுமையாகவும் நிலையில்லாமலும் நடக்கும் தண்டனை, குற்றப் பதிவுள்ள பெற்றோர், வறுமை, படிப்பில் பின்தங்கல், பதறிச் செய்யும் சுபாவம். மொத்தத் தண்டனைகளில் பாதி, சுமார் 6 சதவீதக் குடும்பங்களுக்குள்ளேயே அடங்கிவிட்டது. அந்தக் குடும்பங்களைப் பிள்ளைக்கு 8 வயதாகும்போதே ஆசிரியருக்கும் வைத்தியருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும் 15 வயது வரை காத்திருப்பது பெற்றோரின் தவறு மட்டும்தானா?

மற்றப் பிள்ளைகள் வேறு வகை. உளவியலாளர் டெரி மொஃபிட் 1993இல் எழுதியது இன்னும் நிற்கிறது: பதின்வயதில் அட்டகாசம் செய்யும் பெரும்பாலோர் இருபதுகளில் தாமாக விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பாடசாலை விட்ட பிறகு போக ஓர் இடமும், பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு பெரியவரும். லண்டனில் 2010க்கும் 2019க்கும் இடையில் ஏறத்தாழ 30 சதவீத யூத் கிளப்கள் மூடப்பட்டன. பக்கத்துக் கிளப் மூடப்பட்ட பகுதியின் பிள்ளைகள் குற்றத்தில் சிக்கும் வாய்ப்பு 14 சதவீதம் கூடியது என்று நிதி ஆய்வு நிறுவனமான ஐ.எஃப்.எஸ். 2024இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மூடியது பெற்றோரல்ல. பிள்ளையின் ஒவ்வொரு வயதிலும் கடிவாளம் யார் கையில் இருந்ததோ, அந்த வயதின் பொறுப்பு அவருடையது. இதில் எனக்குச் சந்தேகமில்லை.

கேள்வி (ஹாரோ): அந்தக் காலத்தில் பிரம்பெடுத்து வளர்த்தோம், பிள்ளைகள் ஒழுங்காக இருந்தார்கள். இங்கே அடிக்கக் கூடாது என்றதால்தானே இவ்வளவும்?

பதில்: அடித்து வளர்த்தால் அடங்குவார்கள் என்பதைத்தான் மேலே சொன்ன கேம்பிரிட்ஜ் ஆய்வு உடைத்தது. கடுமையான தண்டனை பிற்காலக் குற்றத்தோடு சேர்ந்தே வந்தது. அதிலும் மோசமானது நிலையில்லாத தண்டனை: நேற்றுச் சிரித்துவிட்டு விட்டதற்கு இன்று அறை விழுவது, அப்பா அடிக்க அம்மா ஒளித்துக் காசு கொடுப்பது. பிள்ளை விதியைக் கற்றுக்கொள்வதில்லை, பெரியவரின் மனநிலையை நோட்டம் பார்க்கத்தான் கற்றுக்கொள்கிறது. சட்டமும் மாறிவிட்டது. பிள்ளையை அடிப்பது ஸ்கொட்லாந்தில் 2020 நவம்பரிலிருந்தும் வேல்ஸில் 2022 மார்ச்சிலிருந்தும் முழுக்கத் தடை.

பலன் தருவது அலுப்பூட்டும் வேலைதான். எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு வருவாய் என்று தினமும் கேட்பது. இரண்டு பெற்றோரும் ஒரே பதிலைச் சொல்வது. சிறிய தண்டனையைத் தவறாமல் அன்றைக்கே நிறைவேற்றுவது. ஒரு மாதம் ஃபோனைப் பிடுங்கி வைப்பதாக மிரட்டி மூன்றாம் நாள் திருப்பிக் கொடுப்பதை விட, ஒரு மாலை மட்டும் வாங்கி வைத்துச் சொன்ன நேரத்துக்குக் கொடுப்பது மேல்.

கேள்வி (குரோய்டன், ஒரு தாய்): பையனுக்கு 14 வயசு. ஏ.பி.சி. கையெழுத்துப் போட வாங்கன்னு கவுன்சில்ல இருந்து லெட்டர் வந்திருக்கு. போட்டா குத்தத்தை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமா?

பதில்: பதறாதீர்கள். ஏ.பி.சி. என்பது நடத்தை ஒப்பந்தம். 1999இல் லண்டனின் இஸ்லிங்டனில் தொடங்கியது. அது தண்டனையும் இல்லை, குற்றப் பதிவும் இல்லை. பெரும்பாலும் 6 மாதம். கையெழுத்திட மறுப்பது குற்றமாகாது. ஆனால் மறுத்ததையும், ஒப்பந்தத்தை மீறியதையும், பிறகு நீதிமன்றத் தடையுத்தரவு கேட்கும்போது ஆதாரமாகக் காட்டுவார்கள்.

போகும் முன் வாசகங்களைக் கேட்டு வாங்குங்கள். 'தொந்தரவு செய்ய மாட்டேன்' போன்ற மொட்டை வரிகளை ஏற்காதீர்கள், எதையும் மீறலாக்கிவிடலாம். 'இன்ன குடியிருப்பின் படிக்கட்டில் இரவு 8க்குப் பிறகு நிற்க மாட்டேன்' என்பதுபோல் அளக்கக்கூடியதாக இருக்கட்டும். மூன்று, நான்கு வரிகள் போதும். பத்து வரி வைத்தால் பையன் முதல் வாரமே தவறுவான். கவுன்சில் செய்ய வேண்டியதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்: யூத் வொர்க்கர், பயிற்சிக் கூடம், கவனக்குறைபாட்டுப் பரிசோதனைக்கான பரிந்துரை. பேச்சு, மொழிச் சிக்கல் உள்ள பிள்ளைகள் விதியைப் புரிந்துகொள்ளாமலே தலையாட்டிவிடுவார்கள். பிறகு 'திமிர்' என்று பெயர் வாங்குவார்கள். அவன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லட்டும்.

அடுத்த படி தடையுத்தரவு. ஆஸ்போ என்ற பழைய நடத்தைத் தடையுத்தரவின் இடத்துக்கு, 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்தது. 18 வயதுக்குக் கீழ் என்றால் யூத் கோர்ட்டில், அதிகபட்சம் 12 மாதம். மீறினால் 14 வயதிலிருந்து 3 மாதம் வரை தடுப்புக் காவல் சாத்தியம். பெற்றோருக்கும் 'பேரன்டிங் ஆர்டர்' வரலாம்: 12 மாதம் வரை, அதில் வகுப்பு 3 மாதம் வரை, மதிக்காவிட்டால் 1,000 பவுண்ட் வரை அபராதம். வகுப்பு ஆங்கிலத்தில் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். கவுன்சில் வீட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வீட்டாரும் விருந்தாளிகளும் நடந்துகொள்வதற்கு வாடகைதாரரே பொறுப்பு, வீடே போகலாம்.

பொலிஸ் 'சும்மா பேசத்தான்' என்று கூப்பிட்டாலும் இலவச வழக்கறிஞர் உண்டு. அவர் வரும் முன் எந்தக் கேள்விக்கும் பதில் வேண்டாம்.

கேள்வி (பர்மிங்ஹாம்): மகனை 'அமைதியாகட்டும், கூட்டிக்கொண்டு போங்கள்' என்று பள்ளி வாரம் இரண்டு முறை அனுப்புகிறது. வெளியே சுற்றிக் கெட்டுப்போகிறான்.

பதில்: அது சட்டவிரோதம். நீங்கள் சம்மதித்திருந்தாலும் சட்டவிரோதம்தான். நடத்தைக்காக வீட்டுக்கு அனுப்பினால் முறையான இடைநிறுத்தமாகப் பதிந்து, காரணத்தைக் கடிதமாகத் தர வேண்டும். ஒரு கல்வியாண்டில் 45 நாளுக்கு மேல் கூடாது. இங்கிலாந்தில் இடைநிறுத்தத்தின் முதல் 5 நாளும் பாடசாலை நேரத்தில் பிள்ளை பொது இடத்தில் திரியாமல் பார்ப்பது உங்கள் சட்டக் கடமை. 6ஆம் நாளிலிருந்து பாடசாலை வேறு கல்வி ஒழுங்கு செய்ய வேண்டும்; நிரந்தரமாக நீக்கினால் அது கவுன்சிலின் வேலை. அடுத்த முறை அழைப்பு வந்தால், 'இது இடைநிறுத்தமா? கடிதம் தாருங்கள்' என்று கேளுங்கள். பல பாடசாலைகள் அந்த ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்ளும்.

2019இல் வெளிவந்த டிம்ப்சன் அறிக்கையின்படி, நிரந்தரமாக நீக்கப்பட்டவர்களில் 78 சதவீதம் பேர் விசேட கல்வித் தேவையோ, இலவச மதிய உணவுத் தகுதியோ, சமூக சேவையின் பதிவோ உள்ளவர்கள். உதவி அதிகம் தேவையான பிள்ளையைத்தான் முதலில் வாசலுக்கு வெளியே விடுகிறோம். இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

கேள்வி (மில்டன் கீன்ஸ்): இன்றைய பிள்ளைகள் முன்பைவிட மோசமா?

பதில்: பதிவுகள் அப்படிச் சொல்லவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காவலில் இருந்த பிள்ளைகள் 2007-08இல் ஏறத்தாழ 3,000; 2023-24இல் 430 அளவில்.

கேள்வி (லூட்டன்): தம்பிக்கு 15. புதுச் சப்பாத்து, இரண்டாவது ஃபோன், தெரியாத ஊருக்கு ரயில் டிக்கெட். கேட்டால் கத்துகிறான். இதுவும் அவன் பொறுப்பா?

பதில்: இது கவுண்டி லைன்ஸாக இருக்கலாம்: நகரத்துப் போதைக் கும்பல் பிள்ளைகளைச் சிற்றூர்களுக்கு அனுப்பி விற்க வைப்பது. அப்படியென்றால் முதல் பொறுப்பு அவனை அனுப்பும் பெரியவர்களுடையது. கட்டாயத்தின் கீழோ சுரண்டலாலோ குற்றம் செய்த பிள்ளைக்கு 2015ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு தற்காப்புத் தருகிறது. ஃபோனை உடைக்காதீர்கள், பொதியைக் கண்டால் கழிப்பறையில் கொட்டாதீர்கள். தொலைந்த பொருளைக் 'கடன்' என்று சொல்லிக் கும்பல் தம்பியிடம்தான் அறவிடும். டிக்கெட்டைப் படம் எடுத்து, வராத இரவுகளைக் குறித்து, கவுன்சிலின் சிறுவர் சேவையை அழையுங்கள். 'கிரிமினல் எக்ஸ்ப்ளொயிட்டேஷன்' என்ற வார்த்தையைச் சொல்லி, என்.ஆர்.எம். (நவீன அடிமைமுறைக்குப் பலியானவரை அடையாளம் காணும் அரசு முறை) பரிந்துரை வேண்டும் என்று கேளுங்கள். அதைக் குடும்பம் நேரடியாக அனுப்ப முடியாது. கவுன்சிலும் பொலிசும் அனுப்பலாம், பிள்ளையின் சம்மதம் தேவையில்லை. இரவு வீட்டுக்கு வராவிட்டால் விடியும் வரை காத்திருக்காமல் காணாமல் போனதாகப் பதியுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 999.