குடித்த இரவில் மாத்திரையை விடலாமா?

கேள்வி: காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறேன். எச்.ஐ.வி.க்காகச் சில ஆண்டுகளாக, வைரஸைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். குளிருக்காக மது அருந்தும் இரவுகளில், இரண்டும் சேரக் கூடாதென்று மாத்திரையை விட்டுவிடுகிறேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. இது தவறா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஏற்காடு

பதில்: குடித்திருந்தாலும் அன்றைய மாத்திரையை விடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் விஷமாகும் என்ற பயத்தில் பலர் மாத்திரையைத்தான் கைவிடுகிறார்கள். அப்படி அடிக்கடி விடுபடும்போது வைரஸ் மீண்டும் பெருகி, மருந்துக்குக் கட்டுப்படாத நிலையையும் அடையக்கூடும். இவை நடந்துகொண்டிருக்கும்போதும், கல்லீரல் கெட்டுவரும்போதும் உடம்பு பல மாதங்கள் தெம்பாகவே இருக்கும் என்பதால், உங்கள் உணர்வை மட்டும் நம்பாமல், சேலம் அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையத்தில் வைரஸ் அளவு, கல்லீரல், ஹெபடைட்டிஸ் பி பரிசோதனைகளைப் பற்றிக் கேளுங்கள். காசநோய்த் தடுப்புக்காக ஐசோனியசிட் சாப்பிடுபவராக இருந்தால், மது கல்லீரலுக்கு இரட்டைச் சுமை. குளிருக்கும் அது மருந்தல்ல. தோலின் ரத்தக் குழாய்களை விரித்து உடற்சூட்டை வெளியேற்றிவிடும். தினமும் அதிகமாகக் குடிப்பவரானால் திடீரென நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம்; குடிப்பதைத் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லி, அவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால், முதலில் 1097 என்ற இலவச எச்.ஐ.வி. உதவி எண்ணில் பேசுங்கள்.