மலையைப் பச்சை குத்திக்கொள்ள எந்த வடிவம், எந்த இடம் பொருத்தமானது?

மலையேற்றத்தில் நாட்டமுள்ள நீங்கள், முதன்முறையாகப் பச்சை குத்திக்கொள்ள ஏற்ற மலை வடிவத்தையும் இடத்தையும் கேட்டிருக்கிறீர்கள். எங்கும் காணப்படும் கூரிய பனிச்சிகரத்தைவிட, நீங்களே நடந்த மலையின் விளிம்புக்கோட்டைப் புகைப்படத்திலிருந்து வரைந்துகொள்வதே சிறந்தது என்பது என் கருத்து. மேற்குத் தொடர்ச்சி மலையின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) யானையின் மத்தகம்போல் உருண்டிருப்பதால், அதற்கு முக்கோணம் சற்றும் பொருந்தாது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியின் ஒரு கொத்தை அடியில் சேர்த்தால், அது எந்த நிலத்து மலை என்பதைச் சொல்ல வேறு எழுத்தே வேண்டியதில்லை.

நீண்ட மலைத்தொடருக்கு முன்கையும், தனிச்சிகரத்திற்குக் கெண்டைக்காலும் இயல்பாக அமையும். விலாப்பகுதியில் வலி அதிகம். விரல்களில் விரைவில் மங்கிவிடும். மை, தோலின் உள்ளடுக்கில் தங்கி ஆண்டுகள் செல்லச்செல்லச் சற்றே பரவும் தன்மையுடையது என்பதால், சிறிய படத்தில் பாறைப்பிளவு, மரம், அருவி என நெருக்கமான கோடுகளைத் திணித்தால் அவை பிற்காலத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடும். (பச்சை குத்துபவர்கள் சிலர் இதை முன்கூட்டியே சொல்வதில்லை.) வெயில் படும் இடமாயின், புண் ஆறிய பிறகு வெளியே செல்லும்போதெல்லாம் சன்ஸ்கிரீன் பூசிக்கொள்ளுங்கள்.