ஒரே பேரு, ஒரே கார்டா?

கேள்வி: ஆர்டிஎக்ஸ் 4070 கிராஃபிக்ஸ் கார்டு லேப்டாப்லயும் வருது, டெஸ்க்டாப்லயும் வருது. ரெண்டும் ஒண்ணுதானே சார், எதை வாங்க?

பதில்: பேரு மட்டும்தாங்க ஒண்ணு. டெஸ்க்டாப் 4070ல 12 ஜிபி மெமரி, 200 வாட் வரைக்கும் கரண்ட் இழுக்கும், லேப்டாப்ல அதே பேர்ல வர்றது வேற சிப்பு, 8 ஜிபிதான், பவரும் 35ல இருந்து 115 வாட் வரைக்கும் மாடலுக்கு மாடல் மாறும், அதை பாக்ஸ்ல பெருசா போடவே மாட்டாங்க, நீங்கதான் ஸ்பெக் ஷீட்ல தேடிப் பாக்கணும். லேப்டாப்ல கார்டை போர்டுலயே சால்டர் பண்ணிருப்பாங்க, பின்னாடி மாத்த வழியில்ல. சார்ஜரை புடுங்கினா எஃப்பிஎஸ், அதாவது கேம்ல செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம் ஓடுதுங்கிற கணக்கு, தடால்னு விழும், ஃபேன் சத்தம் வேற. ஹாஸ்டல்ல இருக்கீங்கன்னா லேப்டாப் தவிர வேற வழி கிடையாது. வீட்லயேதான்னா கண்ண மூடிட்டு டெஸ்க்டாப், ஆனா மானிட்டர், கீபோர்டு, யூபிஎஸ் செலவையும் சேத்து கணக்கு போடுங்க, கடைக்காரர் அதை கடைசியிலதான் சொல்வாரு.