முடங்கிய கணக்கை மீட்க ஏஜென்ட் வேண்டுமா?

சிங்கப்பூர் ஈசூன் வாசகி ஒருவர் கேட்கிறார்: வீட்டிலிருந்தே சேலையும் கவரிங் நகையும் இணையத்தில் விற்கிறேன். ‘மிஸ்ரெப்ரசன்டேஷன்’, அதாவது பொருளையோ கடையையோ தவறாகக் காட்டுவது, என்று சொல்லி, கடைப் பொருள்களைக் கூகுள் தேடலில் காட்ட உதவும் கூகுள் மெர்ச்சன்ட் சென்டர் என் கணக்கை முடக்கிவிட்டது. இருமுறை மேல்முறையீடு செய்தும் மறுப்புதான். 600 வெள்ளி கொடுத்தால் மீட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். மறு ஆய்வுக்குக் கூகுள் காசு வாங்குவதில்லை. ‘உள்ளே எனக்கு ஆள் இருக்கு’ என்பதெல்லாம் கதை. இந்த ஆட்கள் பெரும்பாலும் வேறொரு கடையின் ரீஃபண்ட் விதிகளை வெட்டி உங்கள் தளத்தில் ஒட்டுவார்கள். அது பலிக்காவிட்டால் புதுக் கணக்கு திறந்து கொடுப்பார்கள். முடக்கத்தைத் தாண்டப் புதுக் கணக்கு திறப்பதே தனிக் குற்றம், அதிலிருந்து மீள்வது இதைவிடக் கஷ்டம். பாஸ்வேர்டும் கேட்பார்கள். கொடுத்தீர்களென்றால் அப்புறம் கணக்கு யாருடையது என்பதே சந்தேகம்.

சரி, எங்கே தவறு? அதைத்தான் கூகுள்காரர்கள் சொல்ல மாட்டார்கள். ஒற்றை வார்த்தையை அனுப்பிவிட்டு மீதியைக் கடைக்காரரே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். இதற்கு ஒரு முறைமை என்று பெயர் வேறு.

நகைகளிலிருந்து ஆரம்பியுங்கள். தலைப்பில் ‘தங்க வளையல்’ என்று போட்டுக் கவரிங் விற்றால், 25 வெள்ளி விலையைப் பார்த்ததும் நம் பெண்களுக்குப் புரிந்துவிடும். கூகுளுக்குப் புரியாது. தங்க முலாம் என்று தலைப்பிலேயே எழுதுங்கள். சேலை சென்னையிலிருந்து வர இரண்டு வாரம் ஆகுமென்றால் மூன்று நாளில் டெலிவரி என்று சொல்லாதீர்கள். ஒருநாளும் விற்காத விலையை அடித்துக்காட்டும் தள்ளுபடியும் வேண்டாம்.

அடுத்து பெயர். அக்ராவில் (சிங்கப்பூரில் வியாபாரங்களைப் பதியும் அரசு அமைப்பு) பதிந்த பெயர், அது தரும் யூஇஎன் என்ற பதிவு எண், முகவரி, தொலைபேசி எல்லாம் தளத்திலும் மெர்ச்சன்ட் சென்டரிலும் ஒன்றாக இருக்கட்டும். அடையாள அட்டையிலுள்ள முழுப் பெயரிலேயே தனியாக வியாபாரம் செய்பவர் அக்ராவில் பதிய வேண்டியதில்லை. இதைப் பலர் தப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள். முழுப் பெயர் என்றால் முழுப் பெயர்தான். பாதிப் பெயரோ செல்லப் பெயரோ ஆகாது. பின்னால் ‘சில்க்ஸ்’ என்று ஒட்டினாலும் சலுகை போயிற்று, பதிந்தே ஆக வேண்டும். பதியாதவர் தளத்திலும் அந்த முழுப் பெயரையே போட வேண்டும். அழகான கடைப் பெயரை மேலே போட்டுவிட்டுச் சலுகை பேச முடியாது.

ஜிஎஸ்டி (பொருள் சேவை வரி) பதிவு இருந்தால் 9% சேர்த்தே விலையைக் காட்டுங்கள்.

எல்லாவற்றையும் திருத்தி முடித்த பிறகே மறுபடி விண்ணப்பியுங்கள். அவசரத்தில் அடுத்தடுத்துக் கேட்டால் காத்திருக்கச் சொல்லிவிடுவார்கள். பதில் வர ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம், அதுவரை தளத்தில் கைவைக்காதீர்கள்.