பகல் பூராம் கண்ணு சொக்குது டாக்டர்: இந்த தடவ வந்த கேள்விகள்

பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு. அசதி வேற, தூக்கம் சொக்குறது வேற, ரெண்டையும் நம்மாளுங்க "டயர்டா இருக்கு"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிடுறாங்க. உடம்பு அடிச்சுப் போட்டாப்ல இருக்கு, ஆனா மதியம் படுத்தா தூக்கம் வரலன்னா ரத்தம், தைராய்டு, சுகர் பக்கம் பாக்கணும். பஸ்ல உக்காந்ததுமே தலை தொங்குதுன்னா ராத்திரி தூக்கத்ததான் பாக்கணும்.

லாரி ஓட்டுறேன், வயசு 46, ஊரு திருமங்கலம். 8 மணி நேரம் தூங்கியும் ஸ்டியரிங்ல ரெண்டு தடவ கண்ணசந்துட்டேன். வீட்டுல குறட்டைக்கு பயந்து அடுத்த ரூம்ல படுக்குறாங்க.

அண்ணே, மொதல்ல வண்டிய நிப்பாட்டுங்க, அப்புறம் படிங்க. வீட்டுல ஒண்ணு கேளுங்க: குறட்டை நடுவுல திடீர்னு நின்னு, கொஞ்ச நேரம் மூச்சே இல்லாம கெடந்து, அப்புறம் திணறி இழுக்குறீங்களான்னு. ஆமான்னா ஸ்லீப் ஆப்னியாவா இருக்கத்தான் நெறய சான்ஸ். தூங்கும்போது தொண்டை சதை தளந்து மூச்சுக்குழாய அடைக்குது, 10 செகண்டோ அதுக்கு மேலயோ மூச்சு நிக்குது, மூளை பதறி எழுப்பி விடுது, இது மணிக்கு 30 தடவைக்கு மேல போனா கடுமையான ரகம். நீங்க தூங்குனதா நெனைக்கிறது 8 மணி நேரம், மூளைக்கு கெடச்சது துண்டு துண்டா கொஞ்சம். பிபியும் இதால ஏறும். நுரையீரல் டாக்டர்கிட்டயோ காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்டயோ போயி ஸ்லீப் ஸ்டடி கேளுங்க, ஒரு ராத்திரி ஒயர் ஒட்டி படுக்கணும், ஊசி வலி எதுவும் கெடையாது. மாஸ்க் மாட்டி காத்து தள்ளுற சிபேப் மிஷின் 1981லயே வந்துருச்சு, மூக்குல மாட்டணுமான்னு மொகம் சுளிக்கிறவுக பல பேரு ஒழுங்கா போட்டதும் அத விடமாட்டாங்க. வெயிட் கொறைங்க, மல்லாக்க படுக்காதீங்க. ஒரு கட்டிங் போட்டா நல்லா தூங்கலாம்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க, தொண்டை இன்னும் தளரும். தூக்க மாத்திரைய நீங்களா வாங்கி போடாதீங்க.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல வேலை, ராத்திரி 1 மணிக்கு எந்திரிக்கிறேன்.

ஊருக்கே தூங்கா நகரம்னு பேரு, உங்கள கொறை சொல்லி என்ன பண்ண. ஒரேயடியா தூங்க முடியலன்னா ரெண்டா பிரிங்க, சாயங்காலம் 4, 5 மணி நேரம், மார்க்கெட் முடிஞ்சு ரெண்டு மணி நேரம், ஆனா தெனமும் ஒரே நேரத்துல. ஜன்னல்ல கெட்டியான போர்வைய தொங்க விடுங்க. காப்பியோட வேகம் பாதி கொறையவே 5 மணி நேரம் போல ஆகும், அதுக்கேத்த மாதிரி கணக்கு போட்டு குடிங்க. லீவு நாள்ல விடிய விடிய முழிச்சா மறுபடி மொதல்ல இருந்துதான்.

உசிலம்பட்டி, வயசு 34. எப்பவும் அசதி, படுத்தா கால் குடைச்சல், ஆட்டிக்கிட்டே இருந்தாதான் ஆகுது.

இரும்புச்சத்த பாருங்கம்மா. ஹீமோகுளோபின் 12க்கு கீழ இருந்தா ரத்தசோகை, ஆனா அது நார்மலா இருந்தாலும் ஃபெரிட்டின்னு தனி டெஸ்ட் இருக்கு, ஒடம்புல சேத்து வச்ச இரும்பு எவ்வளவுன்னு அது காட்டும், அது 75க்கு கீழன்னா இந்தக் குடைச்சலுக்கே இரும்பு குடுத்துப் பாப்போம். கூடவே தைராய்டு, பி12. சாப்பிட்ட கையோட டீ குடிக்கிற பழக்கம் இருக்கும், எனக்குத் தெரியும், சாப்பாட்டுல இருக்க இரும்ப அது ஒட்ட விடாது, ஒரு மணி நேரம் தள்ளி குடிங்க.

காலேஜ் படிக்கிறேன். கிளாஸ்ல தூங்கிடுறேன், சத்தமா சிரிச்சா முட்டி மடங்கி விழுறேன். ராத்திரி அமுக்குவான் பேய் வேற.

அமுக்குவான் மட்டும்னா பயப்பட ஒண்ணுமில்ல, மூளை முழிச்சு உடம்பு முழிக்காத நேரம் அது, நெறய பேருக்கு வரும். ஆனா சிரிச்சதும் கால் தளர்றது அப்பிடி இல்ல, நார்கோலெப்ஸியா இருக்கலாம், அதாவது பகல்லயே அடக்க முடியாம தூக்கம் தள்ளுற நரம்புக் கோளாறு. வேப்பிலை அடிக்க கூட்டிட்டுப் போகாம நரம்பு டாக்டர்கிட்ட போங்க, மாத்திரை இருக்கு. அதுவரைக்கும் பைக் வேணாம்.

தும்மலுக்கு தெனமும் மாத்திரை போடுறேன், அதனாலயா?

இருக்கலாம், செட்ரிசின், அவில் ரெண்டும் சொக்க வைக்கும். அட்டையப் பாத்துட்டு டாக்டர்கிட்ட வேற மாத்திக் கேளுங்க.